ஒன்பதாம் வகுப்புக்கு உணர்வுப் பாடம்: பாடவேளையா, ஆலோசகரா, பள்ளியின் சூழலா?

உயர்நிலைப் பள்ளிகளில் சமூக-உணர்வுக் கற்றல் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அதை வலியுறுத்துகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஓர் அறநெறிப் பாடவேளை, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. தலைமை ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் இப்போது முடிவெடுக்க வேண்டியது ‘எப்படி’ என்பதைத்தான். கையில் இருக்கும் பணமும் ஆளும் நேரமும் குறைவு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் எதுவும் நிலைக்காது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தன் கோபமும் பயமும் எங்கிருந்து வருகின்றன என்று அறிவது, அவற்றை ஆள்வது, எதிரே நிற்பவரின் நிலையைப் புரிந்துகொள்வது, நட்பையும் பிணக்கையும் கையாள்வது, விளைவை எண்ணி முடிவெடுப்பது. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கேசல் என்ற அமைப்பு வகுத்த ஐந்து திறன்கள் இவை. பதினான்கு, பதினைந்து வயதில் இவை ஒவ்வொன்றும் சோதிக்கப்படுகின்றன. காதல், கேலி, சாதிப் பெருமை, கைப்பேசியில் பரவும் ஒரு படம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எல்லாம் ஒரே இரண்டு ஆண்டுகளில் வந்து சேர்கின்றன.

பயன் இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஜோசப் டர்லாக்கும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிக் கணிப்பது) 213 திட்டங்களையும் சுமார் 2,70,000 மாணவர்களையும் உள்ளடக்கியது. இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் பாடத் தேர்ச்சியிலும் சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் முன்னேறியிருந்தார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினொரு பேரைத் தாண்டி முன்னே போவதற்கு அது சமம். 53 நாடுகளின் 424 ஆய்வுகளைத் திரட்டிய 2023 தொகுப்பும் இதே திசையைத்தான் காட்டியது. “இதெல்லாம் படிப்பைக் கெடுக்கும்” என்ற அச்சத்துக்கு இந்த எண்கள் பதில் சொல்கின்றன.

ஆனால் டர்லாக் தொகுப்பில் ஒரு விவரத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிலிருந்த ஆய்வுகளில் உயர்நிலை வகுப்புகளில் நடந்தவை ஏறக்குறைய 13 விழுக்காடுதான். பாதிக்கு மேல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். எட்டு வயதுக் குழந்தையிடம் பலித்தது பதினைந்து வயதுப் பையனிடம் அப்படியே பலிக்கும் என்று அந்த எண்ணிலிருந்து முடிவு கட்ட முடியாது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியின் கடினம் இங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலான பள்ளிகள் முதலில் நாடுவது தனிப் பாடவேளையை. கால அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும், உத்தரவுக்கும் கணக்குக் காட்டிவிடலாம். நம்மில் பலருக்கு இந்தக் கட்டம் பழக்கமானது. நீதிபோதனை என்ற பெயரில் அது எத்தனையோ ஆண்டுகள் அட்டவணையில் இருந்தது. வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 40 பாடவேளைகூடத் தேறாது. அதிலும் அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் “போர்ஷன் முடியவில்லை” என்று வந்து நிற்பார். உடற்கல்விப் பாடவேளைக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது. இது ஆசிரியர்களின் குற்றமில்லை. தேர்ச்சி விழுக்காட்டை வைத்து மட்டும் அவர்களை எடைபோடும் அமைப்பில் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது.

பாடவேளை ஒழுங்காக நடந்துவிட்டால்? டெல்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. நாள்தோறும் ஒரு பாடவேளை, மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது. அந்த அளவுக்கு உறுதியோடு நேரம் ஒதுக்கிய அரசுகள் குறைவு. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குத் தொழில்முனைவு மனப்பான்மைப் பாடத்திட்டம் என்ற வேறொன்று வந்தது. பொதுத்தேர்வு வகுப்புகள் நெருங்கும்போது உணர்வுப் பாடம் வேறு வடிவம் எடுக்கவோ விலகவோ நேர்வது டெல்லிக்கு மட்டும் உரிய கதையில்லை.

இங்கிலாந்தில் நடந்த பெரிய சோதனையின் முடிவு இன்னும் யோசிக்க வைக்கிறது. 85 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், எல்லாரும் பதின்வயதின் தொடக்கத்தில் இருப்பவர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மனஒருமைப் பயிற்சியை, அதாவது நிகழ்கணத்தில் கவனம் வைக்கும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ பயிற்சியை, பாடமாகவே நடத்தினார்கள். 2022-இல் முடிவு வந்தபோது, வழக்கமான வகுப்புகளைவிட அது மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வீட்டில் போய்ப் பழகச் சொன்னதைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யவே இல்லை. நல்ல பயிற்சி, நல்ல நோக்கம், போதிய பணம் எல்லாம் இருந்தும் இப்படி ஆகலாம் என்பதைப் பள்ளிகள் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு உளவியலாளர் டேவிட் யேகர் 2017-இல் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. பருவ வயதுப் பிள்ளைக்கு மிகப் பெரிய தேவை மரியாதை. தன்னைச் சிறுபிள்ளையாக நடத்துகிறார்கள் என்று தோன்றிய கணமே காதை மூடிக்கொள்கிறது. “கோபம் வந்தால் பத்து வரை எண்ணு” என்று முப்பத்தைந்து பேருக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவது அந்த வயதுக்கு அவமானமாகவே தெரியும். அவனுக்குத் திறன் இல்லாமல் இல்லை. தன்னை மதிக்கும் இடத்தில் அதைக் காட்டுகிறான், மதிக்காத இடத்தில் காட்டுவதில்லை.

அந்த வயதுக்கு ஏற்ற வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்குச் சிகாகோவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளில், வாரம் ஒருமுறை, சிறு குழுவாக மாணவர்களை அமர்த்தி நடத்தும் திட்டம் அது. ஒரு பயிற்சியில் இருவர் இருவராக நிற்கிறார்கள். ஒருவன் கையில் பந்து. அதை முப்பது விநாடிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று மற்றவனிடம் சொல்கிறார்கள். உடனே பிடித்து இழுக்கிறான், முறுக்குகிறான், தரையில் உருள்கிறார்கள். நேரம் முடிந்ததும் நடத்துநர் கேட்கிறார்: “அவனிடம் கொடு என்று கேட்டாயா?” கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று பந்து வைத்திருந்தவனிடம் கேட்டால், “கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே” என்கிறான். அங்கே யாரும் அறிவுரை சொல்லவில்லை. தான் யோசிக்காமல் கை ஓங்கியதை அவனே பார்த்துவிடுகிறான். சீட்டுக் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வுகளில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தன. திட்டம் முடிந்த பின் அந்தக் குறைவு நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆக, தனி வகுப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. சிறு குழு, விளையாட்டு, நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவர் ஆகிய மூன்றும் இருந்தால் அது வேலை செய்கிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் புத்தகத்தைத் திறந்து வாசித்தால் செய்யாது.

இரண்டாவது வழி மனநல ஆலோசகர். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. தேவை உண்மையானது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கும், வீட்டில் கொடுமைக்கு உள்ளாகும் பிள்ளைக்கும் பயிற்சி பெற்றவரின் உதவி கட்டாயம் வேண்டும். ஆனால் ஆலோசகரை மட்டும் நம்பும் பள்ளியில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வருகிறார். தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்து அறையில் அமர்கிறார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது உதவியாளர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எழுந்து போகும் பெண்ணை வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. மாலைக்குள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடுகிறது. இன்னும் மோசமான பழக்கம், சண்டை போட்டவனைத் தண்டனையாக ஆலோசகரிடம் அனுப்புவது. அதன் பிறகு எந்தப் பிள்ளை தானாக அந்தக் கதவைத் தட்டும்? ஆலோசகர் மூழ்குபவர்களைக் கரையேற்றுகிறார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அவரால் மாற்ற முடிவதில்லை.

மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: பாடங்களுக்குள்ளேயே கலந்து நடத்துவது. தமிழ்ப் பாடநூலின் விரிவானப் பகுதியில் வரும் கதையில், அநியாயம் நடக்கும்போது ஒரு பாத்திரம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டு ஐந்து நிமிடம் பேசவிடலாம். அறிவியல் ஆய்வகத்தில் வழக்கமாகச் சேரும் நண்பர்களைப் பிரித்து வேறு குழுவாக அமைக்கலாம். விடைத்தாளை வகுப்பு முழுதும் கேட்க மதிப்பெண் சொல்லி வீசுவதற்குப் பதில் கையில் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். அந்த ஒரு பழக்கம் ஓர் ஆண்டு முழுவதும் கற்றுக்கொடுப்பது அதிகம். ஆனால் இந்த வழி முழுக்க முழுக்க ஆசிரியரின் இயல்பைச் சார்ந்தது. நல்ல வகுப்பாசிரியர் யாரும் சொல்லாமலே இதைச் செய்துவருகிறார். செய்யாதவரைச் சுற்றறிக்கை மாற்றாது. எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதும் அரிது.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் எழுத விரும்புகிறேன். நம் நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே சோதிக்கப்பட்டு, வலுவான முடிவு தந்தது அதுதான். அப்படியிருந்தும் இங்கே அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பீகாரின் நாளந்தா மாவட்டம். 2015-16 கல்வியாண்டு. 74 உயர்நிலைப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். சங்கத் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய சேஹர் என்னும் திட்டம். பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கி மூன்று பிரிவாக்கினார்கள். எல்லாப் பள்ளிகளிலும் அரசின் வளரிளம் பருவக் கல்வி வழக்கம்போல் நடந்தது. ஒரு பிரிவில் அது மட்டும். இன்னொரு பிரிவில், அதே பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துக் கூடுதல் திட்டத்தை ஒப்படைத்தார்கள். மூன்றாவது பிரிவில், அதே திட்டத்தை நடத்த ‘சேஹர் மித்ரா’ என்ற பெயரில் பள்ளிக்கு ஒருவரை வெளியிலிருந்து அமர்த்தினார்கள். அவர் மனநல நிபுணர் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆள்.

அவர் செய்தவை பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நடந்தன. காலைக் கூட்டத்தில் பேசுவது, மாதம் ஒரு பொருளில் சுவரிதழ் நடத்துவது, மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்து அதில் விழுந்த பிரச்சினைகளுக்குப் பள்ளியில் பதில் தேடுவது, மாணவர் குழுக்களைக் கூட்டிப் பள்ளியில் எதை மாற்றலாம் என்று கேட்பது, தேடி வருபவரோடு தனியாக உட்கார்ந்து பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பது. பள்ளி முழுவதன் சூழலை மாற்றுவதே குறி.

முடிவு 2018 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில் மாணவர்கள் தங்கள் பள்ளிச் சூழலை மிக மேலாக மதிப்பிட்டார்கள். மனச்சோர்வு குறைந்திருந்தது. கேலி, கொடுமைப்படுத்தல், அடிதடி எல்லாம் குறைந்திருந்தன. ஆண்-பெண் சமத்துவம் பற்றிய பார்வை மேம்பட்டிருந்தது. இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளிலோ, திட்டம் அதேதான் என்றபோதும், குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். டர்லாக்கின் தொகுப்பில் பள்ளி ஆசிரியர்கள் நடத்திய திட்டங்கள் நன்றாகவே பலித்தன. நாளந்தாவில் பலிக்கவில்லை. ஏன்? என் கணிப்பில் காரணம் மூன்று. தொகுப்பில் பெரும்பகுதி சிறு குழந்தைகள். அவர்களுக்கு டீச்சர் இன்னொரு அம்மா. பதினைந்து வயதில் அதே ஆசிரியர் மதிப்பெண் போடுபவர், வீட்டுக்குச் செய்தி அனுப்பக்கூடியவர். அவரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். இரண்டாவது, நம் ஆசிரியர்களின் பணிச்சுமை. இங்கேயும் ‘எமிஸ்’ இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, நலத்திட்டப் பொருள் விநியோகம், தேர்தல் பணி, சிறப்பு வகுப்பு எல்லாவற்றுக்கும் பிறகு இதற்கு மிஞ்சுவது எஞ்சிய நேரம்தான். மூன்றாவது, பள்ளியின் சூழலில் ஆசிரியரும் ஒரு பகுதி. முட்டி போடவைப்பதும் திட்டுவதும் பிரச்சினையாக இருக்கும் இடத்தில், பிரச்சினையைத் தீர்க்கும் பொறுப்பும் அவரிடமே இருந்தால் பெட்டியில் சீட்டு விழாது. உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது. தடை ஏட்டில் இருக்கும் பள்ளியிலும், அதைப் பற்றிப் பேச ஒரு காது இருக்கும் பள்ளியிலும் பிள்ளைகளின் அனுபவம் வேறு.

ஆகவே என் தேர்வு இது. ஒரே ஒன்றைச் செய்ய முடிந்த பள்ளி, பாடமும் தேர்வும் மதிப்பெண்ணும் கையில் இல்லாத, முழுநேரமும் பள்ளியிலேயே இருக்கும் ஒரு பெரியவரை அமர்த்த வேண்டும். சந்துரு குழு சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் முதலில் எடுக்க முடியும் என்றால், பாடவேளையைவிட நல அலுவலரையே எடுப்பேன்.

செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஒருவருக்குச் சம்பளம். அரசு உதவிபெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் முயன்றால் முடியும். அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் கைகொடுத்தால் தொடங்கலாம், ஆனால் நெடுநாள் நிற்க அரசே பணியிடம் தர வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஆளை அமர்த்தும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலாவது, பதிலி வகுப்பு. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரை அனுப்பத் தொடங்கினால், ஒரு பருவத்துக்குள் அவர் சம்பளம் குறைந்த இன்னோர் ஆசிரியர் ஆகிவிடுவார். பணி ஒப்பந்தத்திலேயே அதைத் தடுத்து எழுதுங்கள். இரண்டாவது, சாதி. நம் ஊர்களில் புதிதாக வரும் பெரியவர் எந்தத் தெரு என்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அறிந்துவிடுகிறார்கள். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்து அணி சேரும் பள்ளியில், ஊரின் ஆதிக்கத் தரப்போடு நெருக்கமானவரை அமர்த்தினால் பாதிப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் அணுகக்கூடியவரா என்பதைப் பட்டத்தைவிட முன்னதாகப் பார்க்க வேண்டும். இருபாலர் பள்ளி என்றால் பெண் ஒருவர் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, சட்டம். நம்பிக்கை பிறந்தால் பிள்ளைகள் பாலியல் கொடுமைகளைப் பற்றியும் சொல்வார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை அவருக்குப் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். தன் கையை மீறியவற்றை அனுப்ப மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு முதல் மாதமே தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417, சிறார் உதவி 1098, மனநல உதவி 14416 ஆகிய எண்களைக் கழிப்பறைச் சுவரிலும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் எழுதிக்கொள்ள வசதியான இடம் அதுதான்.

ஆளை அமர்த்தவே வழியில்லாத பள்ளி என்ன செய்வது? அப்போதும் தனிப் பாடவேளைக்கு ஓடமாட்டேன். மூன்றாவது வழியையும் பெட்டியையும் இணைப்பேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. பூட்டிய பெட்டியாக அது தொங்குகிறதா, வாரந்தோறும் திறக்கப்பட்டு, பெயர் வெளிவராமல் காலைக் கூட்டத்தில் பதில் சொல்லப்படுகிறதா என்பதில்தான் வேறுபாடு. “கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை” என்ற சீட்டுக்கு இரண்டு நாளில் தண்ணீர் வந்தால், அடுத்த மாதம் “பஸ்ஸில் ஒரு அண்ணன் தொந்தரவு செய்கிறார்” என்ற சீட்டு வரும். சின்னக் குறையில் பள்ளியைச் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய குறையைப் பிள்ளைகள் ஒப்படைக்கிறார்கள்.

இந்தப் பாடத்துக்கு எந்த வடிவிலும் மதிப்பெண் போட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பரிவுக்கு பத்துக்கு ஏழு என்று அட்டையில் எழுதிய நாளிலேயே பிள்ளைகள் அதை நடிக்கத் தொடங்குவார்கள். அளக்க வேண்டியது பள்ளியை. ஜூலையில், பெயர் எழுதாத ஒரு தாளில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் உன்மீது அக்கறை உள்ள பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா? சென்ற மாதத்தில் யாராவது உன்னை அடித்தார்களா, கேலி செய்து அழவைத்தார்களா? பள்ளிக்கு வரப் பிடிக்காத நாள்கள் எத்தனை? அதே கேள்விகளைப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் மறுபடி கேளுங்கள். முதல் சில மாதங்களில் புகார்களின் எண்ணிக்கை ஏறலாம். அதைக் கண்டு திட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். சொல்லாமல் இருந்தவர்கள் சொல்லத் தொடங்கும்போது கணக்கு அப்படித்தான் ஏறும். இரண்டாம் ஆண்டு ஜூலையில் எடுக்கும் தாளை முதல் ஜூலைத் தாளோடு வைத்துப் பார்த்துத்தான் தொடர்வதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.